படகின் அடியில் வாராவாரம் தேங்கும் தண்ணீர்: பெரிய பம்பு தீர்வாகுமா?

நீங்கள் எழுதியதை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். 26 அடி நீளமுள்ள, பழைய ஃபைபர் கிளாஸ் உல்லாசப் படகு ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். உள்ளே பொருத்திய டீசல் எஞ்சின். படகு எப்போதும் உப்புநீரில் கட்டிப்போட்டபடியே நிற்கிறது. வாரம் ஒரு முறை போய்த் தரைப்பலகையைத் தூக்கினால், பில்ஜ் எனப்படும் அடிப்பள்ளத்தில் ஏறத்தாழ இரண்டு வாளி, அதாவது 20 லிட்டர் தண்ணீர் நிற்கிறது. தானியங்கிப் பம்பு இருக்கிறது, வேலையும் செய்கிறது. விற்றவரோ ‘எல்லாப் படகும் கொஞ்சம் தண்ணீர் குடிக்கத்தான் செய்யும்’ என்று சொல்லிவிட்டார். இன்னும் பெரிய பம்பு போட்டால் சரியாகுமா, தண்ணீரில் வரும் எண்ணெய் வாடைக்குச் சோப்புக் கரைசல் ஊற்றிக் கழுவலாமா என்பவை உங்கள் இரண்டு கேள்விகள். ஆனால் கேள்வி பம்பைப் பற்றியதாக இருந்தாலும், உங்கள் மனத்தில் உறுத்துவது வேறு என்றே எனக்குத் தோன்றுகிறது. இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, யாரும் இல்லாத ஓர் இரவில் அது திடீரென்று பெருகிப் படகை மூழ்கடித்துவிடுமா என்பதுதான் அது. எனவே அதற்கே முதலில் பதில் சொல்ல முயல்கிறேன்.

சிறு படகுகளின் எஞ்சின், குழாய், மின்சார வேலைகளில் பல ஆண்டுகளைச் செலவிட்டவன் நான். அந்த அனுபவத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியவை சில உண்டு; உங்கள் படகைப் பார்க்காமல் ஊகமாக மட்டுமே சொல்லக்கூடியவை சில உண்டு. இரண்டையும் கலக்காமல் எழுதுகிறேன்.

உறுதியான செய்தி ஒன்றிலிருந்து தொடங்கலாம். தானியங்கிப் பம்பு உள்ள படகில் நீங்கள் பார்க்கும் தண்ணீர், உள்ளே வந்த தண்ணீர் அல்ல. பம்பு விட்டுவைத்த தண்ணீர். மிதவை சுவிட்ச் ஒரு குறிப்பிட்ட மட்டத்தில் பம்பை ஓடவிட்டு, அதைவிடத் தாழ்ந்த மற்றொரு மட்டத்தில் நிறுத்துகிறது. அந்தத் தாழ்ந்த மட்டத்துக்குக் கீழே நிற்பதை அது ஒருபோதும் எடுக்காது. போதாக்குறைக்கு, பம்பு நின்றவுடன் வெளியேற்றும் குழாயில் ஏறிக்கொண்டிருந்த நீர் முழுவதும் திரும்பி உள்ளேயே இறங்கும். 25 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள மூன்று மீட்டர்க் குழாயில் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் நிற்கும். அதையே 38 மில்லிமீட்டராக்கினால் மூன்றரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். ஆகவே, பெரிய பம்பும் அதற்கேற்ற பெரிய குழாயும் போட்டால் வாரக் கடைசியில் நீங்கள் காணும் தண்ணீர் குறையாது. கொஞ்சம் கூடவே செய்யலாம். 20 லிட்டரை வெளியேற்ற உங்கள் படகில் இருக்கக்கூடிய சாதாரணப் பம்புக்கு ஒரு நிமிடம்கூடத் தேவையில்லை. அந்த இரண்டு வாளியும் பம்பின் வலு போதாமல் நிற்கவில்லை. பம்பால் எட்ட முடியாத மட்டத்தில் நிற்கிறது.

அப்படியானால் உண்மையில் எவ்வளவு தண்ணீர் வருகிறது? வாரந்தோறும் நீங்கள் பள்ளத்தைத் துடைத்து உலர்த்திவிட்டு வருவதாக எழுதியிருப்பதால், குறைந்தது 20 லிட்டர் வருகிறது என்பது மட்டும் நிச்சயம். அதற்கு மேல் பம்பு எவ்வளவு வெளியே தள்ளியது என்பதற்குச் சாட்சி இல்லை. அந்தக் குறைந்த அளவை வைத்தே கணக்குப் போட்டாலும், ஒரு வாரத்துக்கு 10,080 நிமிடங்கள், நிமிடத்துக்கு இரண்டு மில்லிலிட்டர், இருபது துளி ஒரு மில்லிலிட்டர் என்று கொண்டால் நிமிடத்துக்கு நாற்பது துளி. சரியாக மூடாத குழாயிலிருந்து சொட்டுவதைப் போன்றதுதான். இந்தக் கணக்கை எழுதியதற்குக் காரணம் உண்டு. பீய்ச்சியடிக்கும் ஓட்டையைத் தேடிப் போகாதீர்கள். காதுக்குக் கேட்காத, கண்ணுக்கு எளிதில் அகப்படாத சொட்டு ஒன்றைத்தான் தேட வேண்டியிருக்கும். பம்பின் மின்கம்பியில் எத்தனை முறை ஓடியது என்று எண்ணும் சிறு எண்ணி ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். அது வாரத்துக்கு மூன்று என்று காட்டினால் ஒரு கதை, முந்நூறு என்று காட்டினால் முற்றிலும் வேறு கதை.

அடுத்து, தண்ணீர் எந்த ரகம் என்று பாருங்கள். படகு உப்புநீரில் நிற்பதால் உங்களுக்கு இது எளிது. நாக்கில் வைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. எண்ணெயும் எஞ்சின் குளிர்விப்புத் திரவமும் கலந்திருக்கக்கூடிய நீரை அப்படிச் சோதிப்பது நல்லதல்ல. கறுப்புத் தட்டு ஒன்றில் ஒரு தேக்கரண்டி நீரை ஊற்றி வெயிலில் காயவிடுங்கள். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருப்பதால், ஒரு தேக்கரண்டியே வெள்ளைப் படிவத்தைத் தெளிவாக விட்டுச்செல்லும். மழைநீரோ குடிநீர்த் தொட்டியின் நீரோ மங்கலான கறையோடு போய்விடும். இங்கே ஓர் எச்சரிக்கை: பல ஆண்டுகளாக உப்புநீர் காய்ந்த பள்ளத்தில் மழைநீர் வந்து விழுந்தாலும் பழைய உப்பைக் கரைத்துக்கொண்டு தன்னைக் கடல்நீராகக் காட்டும். எண்ணெயைத் துடைத்தெடுத்துவிட்டு, பள்ளத்தை நன்னீரால் இரண்டு முறை அலசி உலர்த்திய பிறகு வரும் தண்ணீரைத்தான் சோதிக்க வேண்டும். இந்த ஒரு படியைத் தாண்டிப் போனதால் இல்லாத அடி ஓட்டையைத் தேடிப் படகைக் கரையேற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு முறை நானும் அவர்களில் ஒருவன். நன்னீர் என்று தெரிந்தால், மழையா தொட்டியா என்று பிரிக்கத் தொட்டியில் சிறிது உணவு நிறமியைக் கலந்துவிட்டு, பில்ஜ் நிறம் மாறுகிறதா என்று இரண்டு நாள் கழித்துப் பார்க்கலாம்.

ரகத்துக்கு அடுத்தது நேரம். மழை பெய்த வாரத்தில் மட்டும் வருகிறதா, படகு சும்மா நிற்கும்போதும் வருகிறதா, எஞ்சின் ஓடினால்தான் வருகிறதா, ஓடிக்கொண்டு வேகமெடுத்தால்தான் வருகிறதா என்ற நான்கு கேள்விகளுக்கும் தனித்தனியாக விடை காண வேண்டும். சும்மா நிற்கும்போதே உப்புநீர் வந்தால் நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள ஏதோ ஒரு வாய், அதாவது குழாயோ தண்டோ நுழையும் துளை, கசிகிறது. எஞ்சின் ஓடும்போது மட்டும் வந்தால் குளிர்விப்பு நீரின் பாதையையோ புகை வெளியேறும் ஈரக்குழாயையோ சுழலும் தண்டின் அடைப்பையோ சந்தேகிக்க வேண்டும். வேகத்தில் மட்டும் வந்தால், நின்றிருக்கும்போது நீருக்கு மேலே இருந்து, பின்பகுதி தாழும்போது நீருக்குள் போகும் பொருத்துகளைப் பார்க்க வேண்டும். மழைக்கு மட்டும் என்றால் மேல்தளம். இவற்றைத் தேதியோடு ஒரு தாளில் குறித்துவாருங்கள். பள்ளத்தின் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, கோட்டுக்கு மேலே எத்தனை விரற்கடை ஏறியது என்றும் எழுதுங்கள். மூன்று வாரக் குறிப்பு, அனுபவமுள்ள ஒருவர் ஒரு மணி நேரம் டார்ச்சடித்துத் தேடுவதைவிட அதிகம் சொல்லும்.

இனி இடத்தைக் கண்டுபிடிக்கும் வேலை. பள்ளத்தை முழுவதும் உலர்த்துங்கள். குறுக்குச் சட்டங்களின் அடியில் நீர் ஓடுவதற்கென்று விடப்பட்ட சிறு துளைகளைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். அவை அடைபட்டிருந்தால் முன்பகுதியின் நீர் அங்கேயே தேங்கி, படகு ஆடும்போது மட்டும் பின்னால் வந்து உங்களைக் குழப்பும். உலர்ந்த பிறகு, சந்தேகமுள்ள பொருத்துகளிலிருந்து பள்ளம் வரையிலான சரிவுகளில் டால்கம் பவுடரை மெல்லியதாகத் தூவிவிட்டு, ஒவ்வொரு குழாய் இணைப்பின் அடியிலும் ஒரு மெல்லிய காகிதக் கைக்குட்டையைச் செருகிவையுங்கள். சில மணி நேரம் கழித்து விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால், வெள்ளைப் பரப்பின் நடுவே எறும்பு ஊர்ந்த தடம் போல ஒரு கறுத்த கோடு தெரியும். அந்தக் கோட்டைக் கீழிருந்து மேல்நோக்கிப் பின்தொடருங்கள். அது எங்கே தொடங்குகிறதோ அதுதான் இடம். தண்ணீர் எங்கே சேர்கிறதோ அது அல்ல. இவ்வளவு எளிதான சோதனையை ஏன் பலரும் செய்வதில்லை என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

ரப்பர்க் குழாய்களை இறுக்கும் கிளிப்புகளைப் பார்க்கும்போது மேற்பக்கத்தை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். பளபளவென்று புதிது போல் இருக்கும் கிளிப்பின் அடிப்பக்கத்தில் விரலை விட்டுத் தடவினால், உப்புநீர் தேங்கும் அந்த அரை அங்குலத்தில் துரு பொருக்காக உதிர்ந்து விரலில் ஒட்டிக்கொண்டு வரும். பட்டையும் திருகும் ஒரே தரத்துத் துருப்பிடிக்கா எஃகாக இல்லாத மலிவான கிளிப்புகளில் திருகு முதலில் போகும். நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள இணைப்புகளில், குழாய் மாட்டும் வாயின் நீளம் இடம்கொடுத்தால், இரண்டு கிளிப்புகள் போடுவது வழக்கம். இடம் இல்லாத குட்டை வாயில் இரண்டாவதைத் திணித்தால் அது குழாயின் விளிம்பைத்தான் வெட்டும். அடிப்பகுதித் துளைகளில் உள்ள வால்வுகளை ஒவ்வொன்றாக மூடித் திறந்து பாருங்கள். அசையாத வால்வைப் பலம் கொண்டு திருகாதீர்கள், படகு நீரில் இருக்கும்போது அது முறிந்தால் கையில் கைப்பிடி மட்டும் மிஞ்சும். உலோகத்தைச் சிறிது சுரண்டிப் பார்த்தபோது பொன்மஞ்சளுக்குப் பதில் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால், பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்துபோய்விட்டது என்று பொருள். அது பார்வைக்கு உறுதியாக இருந்தாலும் உள்ளே பஞ்சு போன்றது, மாற்றியாக வேண்டும்.

உங்கள் விவரங்களை வைத்து ஊகம் சொல்லச் சொன்னால், படகைத் தள்ளும் சுழலியின் தண்டு படகுக்குள் நுழையும் இடத்தில் உள்ள, கிளாண்ட் எனப்படும் நீரடைப்பைத்தான் முதலில் பார்ப்பேன். விற்றவர் சொன்னதில் பாதி உண்மை இருப்பதும் இங்கேதான். மெழுகும் கொழுப்பும் ஏற்றிய பேக்கிங் கயிற்றைச் சுற்றி இறுக்கும் பழைய வகைக் கிளாண்ட், தண்டு சுழலும்போது நிமிடத்துக்குச் சில துளிகள் சொட்ட வேண்டும்; அந்த நீரே அதற்குக் குளிர்ச்சியும் மசகும். ஆனால் தண்டு நிற்கும்போது சொட்டு நின்றுவிட வேண்டும், அல்லது அரிதாக ஒன்றிரண்டு விழ வேண்டும். ஒரு விநாடிக்கு ஒரு துளி என்று நின்ற நிலையிலேயே சொட்டினால் ஒரு நாளுக்கு நாலு லிட்டருக்கு மேல் சேரும். உங்கள் இரண்டு வாளி ஐந்தே நாளில் நிறைந்துவிடும். இறுக்குவதற்கு முன் பூட்டு மரையைத் தளர்த்தி, பெரிய மரையைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, படகை நல்ல கயிறுகளால் கட்டியபடி கியரில் மெதுவாகப் பத்து நிமிடம் ஓட்டி, எஞ்சினை நிறுத்திய பின் கிளாண்டைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு என்றால் அதிகமாக இறுக்கிவிட்டீர்கள், தண்டில் பள்ளம் விழும். சொட்டை அடியோடு நிறுத்தும் ஆசையில் இறுக்கிக்கொண்டே போவதுதான் புதிதாகப் படகு வாங்குபவர்கள் செய்யும் தவறு. இறுக்கியும் சொட்டு அடங்கவில்லை என்றால் கயிறு காய்ந்துவிட்டது. மூன்று அல்லது நான்கு வளையங்களாக, இணைப்புகள் ஒரே நேர்க்கோட்டில் வராதபடி புதிதாகப் போட வேண்டும். தண்ணீரில் வைத்தே அதைச் செய்பவர்கள் உண்டு. முதல் முறை செய்பவர் கரையேற்றியபோதே செய்வது நல்லது. உங்களுடையது சொட்டாத வகை நவீன அடைப்பு என்றால் கணக்கு எளிது: அதில் ஒரு துளிகூட வரக்கூடாது, வந்தால் அதன் ரப்பர்ப் பகுதியைத் தயாரிப்பாளர் சொன்ன காலக்கெடுவோடு ஒப்பிட வேண்டும்.

எஞ்சின் ஓடும்போது, கடல்நீரை இழுக்கும் குளிர்விப்புப் பம்பின் அடியில் உள்ள சிறு துளையையும் பாருங்கள். உள்ளே உள்ள நீரடைப்பு தேய்ந்ததும் நீர் எஞ்சினுக்குள் போகாமல் வெளியே சொட்டுவதற்காகவே அந்தத் துளை வைக்கப்பட்டிருக்கிறது. அதை அடைத்துவிடத் தோன்றும், அடைக்காதீர்கள்.

இன்னொரு காரணத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது பம்பே தண்ணீரை உள்ளே கொண்டுவரும் கதை. ஒரு முறை ஒருவர், கட்டிப்போட்ட படகில் பம்பு மணிக்குப் பல முறை ஓடுகிறது, அடியில் எங்கும் கசிவில்லை என்று என்னை அழைத்தார். காலையில் போய்ப் பார்த்தபோது எல்லாம் உலர்வாக இருந்தது, பம்பும் ஓடவில்லை. அவரும் நானும் பின்பக்கம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது ஓடத் தொடங்கியது. அப்போதுதான் எட்டிப் பார்த்தேன்: பம்பின் வெளியேற்று வாய் நீர்மட்டத்துக்கு நான்கு விரற்கடை உயரத்தில் பொருத்தப்பட்டிருந்தது. எரிபொருள் தொட்டியும் தண்ணீர்த் தொட்டியும் நிரம்பி, இரண்டு பேர் பின்னால் உட்கார்ந்தால் அது நீருக்குள் போய்விடும். பம்பு ஒரு முறை ஓடிக் குழாயை நீரால் நிரப்பிவிட்டு நின்றதும், அதே குழாய் வழியே கடல் தானாக உள்ளே வழியத் தொடங்கும். இந்த வகைப் பம்பு நின்ற நிலையில் நீரைத் தடுக்காத திறந்த பாதைதான். மிதவை எழும், பம்பு மறுபடி ஓடும், நிற்கும், மறுபடி வழியும். பேட்டரி தீரும் வரை இது நடக்கும், தீர்ந்த பிறகு வழிவது மட்டும் நடக்கும். வெளியேற்று வாயைப் படகு சாய்ந்தாலும் தாழ்ந்தாலும் நீரைத் தொடாத உயரத்துக்கு மாற்றுவது முறையான தீர்வு. அது முடியாவிட்டால், குழாயை நீர்மட்டத்துக்கு நன்கு மேலே வளைத்தேற்றி, வளைவின் உச்சியில் காற்று நுழையும் வால்வு ஒன்றைப் பொருத்த வேண்டும். ஒருவழி வால்வு போட்டால் போதுமே என்று பலர் கேட்பார்கள். ஒரு முடிக்கற்றையோ மரச்சீவலோ சிக்கினால் அது திறந்தே நின்றுவிடும். ஒட்டிக்கொண்டால் பம்பின் மெல்லிய அழுத்தத்தால் அதைத் திறக்க முடியாமல் போகும். இந்தச் சிக்கலுக்கு அதை நம்ப நான் சம்மதிப்பதில்லை.

மழைநீரைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். இரண்டு சதுர மீட்டர்ப் பரப்பில் 10 மில்லிமீட்டர் மழை விழுந்தால் அதுவே 20 லிட்டர். ஒரு மூடியின் ரப்பர் விளிம்பு காய்ந்து கெட்டிப்பட்டிருந்தாலோ, தளத்தின் வடிகால் இலைகளால் அடைபட்டாலோ உங்கள் இரண்டு வாளியும் ஒரே இரவில் வந்துவிடும். கைப்பிடிக் கம்பிகளின் அடித்தளங்கள், நங்கூர அறை, சன்னல் விளிம்புகள் ஆகியவற்றின் மேல் குழாயால் பத்துப் பத்து நிமிடம், ஒரு நேரத்தில் ஓரிடம் என்று நீர் விட்டு, உள்ளே ஒருவரை நிறுத்திப் பாருங்கள். மழைநீர்தானே, கடல்நீர் அல்லவே என்று விட்டுவிட வேண்டாம். தளத்துக்குள் அடைத்த மரத்தையும் அடிச்சட்டங்களையும் மக்கச் செய்வதில் உப்புநீரைவிட நன்னீர்தான் வேகமானது. படகை மூழ்கடிப்பது பெரும்பாலும் உப்புநீர் என்றால், அதன் விலையைக் குறைப்பது நன்னீர்.

இப்போது பம்புக்கு வருகிறேன். பெரிய பம்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அது இந்த இரண்டு வாளிக்கு மருந்து அல்ல என்கிறேன். அது வேண்டியிருப்பது வேறொரு நாளுக்காக. நீர்மட்டத்துக்கு 30 சென்டிமீட்டர் கீழே 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள வாய் ஒன்றிலிருந்து குழாய் கழன்றால், நிமிடத்துக்கு 45 முதல் 70 லிட்டர் வரை உள்ளே வரும். 38 மில்லிமீட்டர் என்றால் 100 முதல் 160. துளையின் விட்டம் இரட்டித்தால் நீர் நான்கு மடங்காகும். ஆழம் நான்கு மடங்கானால்தான் நீர் இரட்டிக்கும். எனவே ஆழத்தைவிடத் துளையின் அளவே பெரிது. எதிர்ப்பக்கத்தில், ‘மணிக்கு 1100 காலன்’ என்று அச்சிட்ட பம்பு, அமெரிக்க காலன் கணக்குப்படி நிமிடத்துக்கு 69 லிட்டர் தள்ள வேண்டும். ஆனால் அந்த எண், ஏற்றம் இல்லாமல், குழாய் இல்லாமல், முழு மின்னழுத்தத்தில் எடுத்தது. ஒரு மீட்டருக்கு மேல் ஏற்றி, உட்புறம் நெளிவுள்ள மலிவுக் குழாயில், மெல்லிய கம்பியில் ஓட்டினால் பாதி கிடைத்தாலே நல்ல பொருத்தம்தான். நான் விரும்பும் அமைப்பு இரண்டு பம்புகள். பள்ளத்தின் ஆகத் தாழ்ந்த இடத்தில் தட்டையான உறிஞ்சுமுனையோடு, தள்ளி உயரத்தில் பொருத்திய சிறு டயாஃப்ரம் பம்பு. அது சில மில்லிமீட்டர் நீர் மட்டுமே மிஞ்சும் வரை இழுத்துவிடும். அதற்கு ஒரு சாண் மேலே, தனி மிதவையும் தனிக் குழாயும் உரத்த ஒலிப்பானும் கொண்ட பெரிய பம்பு. பெரியது ஓடினால் ஏதோ தவறு என்று பொருள், ஆகவே ஒலிப்பான் கட்டாயம். குழாய் உட்புறம் வழுவழுப்பாகவும், இடையில் தொங்கிப் பள்ளம் விழாமல் தொடர்ந்து ஏறுவதாகவும் இருக்கட்டும். மின்சாரம் இல்லாமல் இயங்கும் கைப்பம்பு ஒன்றும், ஒவ்வொரு வாயின் பக்கத்திலும் கயிற்றில் கட்டிய கூம்பு வடிவ மென்மரக் கட்டை ஒன்றும் இவற்றோடு சேர வேண்டும். மேலே சொன்ன 38 மில்லிமீட்டர்க் கணக்கில் படகைக் காப்பாற்றுவது அந்தக் கட்டையாகத்தான் இருக்கும், பம்பாக அல்ல.

பம்பு கெடுவதைவிட அதன் மின்இணைப்பு கெடுவதே அதிகம். தானியங்கி இணைப்பு, படகின் முதன்மைச் சுவிட்சை அணைத்தாலும் உயிரோடிருக்கும்படி, தனி ஃபியூஸ் வழியே பேட்டரியிலிருந்து நேராக வர வேண்டும். அந்த ஃபியூஸ், தயாரிப்பாளர் சொன்ன அளவிலேயே இருக்க வேண்டும். சுழலும் தகடு சிக்கி நின்ற பம்பு, பெரிய ஃபியூஸ் இருந்தால் எரியும் வரை சூடேறும். இணைப்புகளைப் பள்ளத்தின் நீர் எட்டாத உயரத்தில், வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியில், உள்ளே பசையுள்ள, சூட்டில் சுருங்கும் உறையால் மூடுங்கள். மிதவையை மாதம் ஒரு முறை கையால் தூக்கிப் பார்ப்பதைவிட, ஒரு வாளி நீரை ஊற்றி அது தானே எழுகிறதா என்று பார்ப்பது மேல். கையால் தூக்கினால் அடியில் சிக்கிய பிளாஸ்டிக் துணுக்கு நமக்குத் தெரியாது. பேட்டரிக் கணக்கையும் மனத்தில் வையுங்கள். நான்கு ஆம்பியர் இழுக்கும் பம்பு மணிக்கு ஒரு நிமிடம் ஓடினால், 100 ஆம்பியர்-மணி ஈய அமிலப் பேட்டரியின் பாதிச் சக்தி ஒரு மாதம் தாங்கும். அதே பம்பு நிற்காமல் ஓடினால் பன்னிரண்டு மணி நேரம்தான்.

என்னால் இங்கிருந்து சொல்ல முடியாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். கிளாண்ட் என்பது என் முதல் ஊகம். உங்கள் தண்ணீர் நன்னீர் என்று தட்டு காட்டினால் அந்த ஊகத்தை விட்டுவிடுங்கள். கீல் எனப்படும், படகின் அடியில் நீளவாக்கில் உள்ள பகுதியைப் பிணைக்கும் போல்ட்டுகளைச் சுற்றியோ, சுக்கான் தண்டு நுழையும் இடத்திலோ, அடி ஓட்டின் வெடிப்பிலோ பவுடர்த் தடம் தொடங்கினால், அது எழுத்தில் பதில் சொல்லும் காரியம் அல்ல. கரையேற்றி, தேர்ந்த படகு மதிப்பாய்வாளர் ஒருவர் தட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டியது. எண்ணி காட்டும் எண் வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போனாலும் அப்படியே; நிலையான சொட்டுக்கு அவகாசம் உண்டு, வளரும் சொட்டுக்கு இல்லை. அதுவரை, பம்பு சரியாக இருக்கிறது என்ற தைரியத்தில் ஒரு வாரம் என்ற இடைவெளியை இரண்டு வாரமாக்காதீர்கள்.

கடைசியாகச் சோப்பு. வேண்டாம். சோப்பு எண்ணெயை அகற்றுவதில்லை, நுண்துளிகளாக உடைத்து நீரோடு கலக்கிறது. அடுத்த முறை பம்பு ஓடும்போது அது முழுவதும் கடலுக்குப் போகிறது, மேலே மிதக்காததால் யாராலும் அள்ளவும் முடியாது. கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்கும் மார்போல் உடன்படிக்கை, வெளியேற்றும் பில்ஜ் நீரில் எண்ணெய் பத்து லட்சத்தில் 15 பங்கைத் தாண்டக்கூடாது என்கிறது. உல்லாசப் படகுகளுக்கு அதற்கான எண்ணெய் பிரிக்கும் கருவிகள் கட்டாயமில்லை என்றாலும், நீரின் மேல் வானவில் படலம் தெரியும்படி எதையும் வெளியேற்றுவது பல நாடுகளில் குற்றம். தானியங்கிப் பம்புக்கு எண்ணெயும் தெரியாது, சட்டமும் தெரியாது. எனவே எண்ணெயை மட்டும் உறிஞ்சி நீரை விட்டுவிடும் உறிஞ்சுவிரிப்புகளை வாங்கி, நழுவிப்போய்ப் பம்பின் வாயை அடைக்காதபடி கயிற்றால் கட்டி மிதக்கவிடுங்கள். நனைந்தவற்றைப் பழைய எஞ்சின் ஆயில் சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். எஞ்சினுக்கு அடியில் தனியாக ஒரு தட்டு வைத்தால் எண்ணெய் பில்ஜை எட்டவே எட்டாது. உங்களுடையது டீசல் என்பதால் ஒன்றை ஒரு குறிப்போடு நிறுத்துகிறேன்: பெட்ரோல் எஞ்சினோ சமையல் எரிவாயு அடுப்போ உள்ள படகில் அந்த வாடை வந்தால், அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில்தான் போய்ப் படுக்கும், எந்தச் சுவிட்சையும் தொடாமல் மூடிகளைத் திறந்து காற்றோட்டம் விட்ட பிறகே மற்றது. உங்கள் படகில் விரிப்பு போட்ட ஒரு வாரத்துக்குள் படலம் மறுபடி தெரிந்தால், அதைத் தொட்டு மோந்து பாருங்கள். டீசல் வாடை என்றால் எரிபொருள் திரும்பும் சிறு குழாய்களின் இணைப்புகளையும், கறுத்து வழுக்கினால் எஞ்சினின் அடித்தொட்டி கேஸ்கெட்டையும் பாருங்கள்.